அக்கா முடியாது என்று சொன்னது

மிராசு வீட்டு அம்மாவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டியின் இரைச்சல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. நீடாமங்கலத்திலிருந்து வேனில் கொண்டுவந்து இறக்கிய குளிர்பெட்டி. கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஒரு முறை உறுமிவிட்டு, பிறகு ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். மார்கழிக் கடைசி. சம்பா வயலெல்லாம் கதிர் பழுக்கத் தொடங்கியிருந்தது. பந்தலுக்குக் கீழே ஊரே உட்கார்ந்து ஒரே ஒருவருக்காகக் காத்திருந்தது. அந்த அம்மாவின் ஒரே மகன், ஊரில் எல்லோரும் சின்னவர் என்று சொல்கிறவர், குவாஹாட்டியிலிருந்து வரவேண்டும். கொல்கத்தாவில் மூடுபனி, விமானம் கிளம்பவில்லை என்றார்கள். சாயங்காலம் வந்துவிடுவார் என்றவர்கள், பிறகு நாளைக் காலை என்றார்கள். நானும் அப்பாவும் மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றோம். பக்கத்தில் நின்ற பெண் ரகசியம் பேசுவதுபோல, ஆனால் நாலு பேருக்குக் கேட்கும்படி, என்னிடம் கேட்டாள்: “அவரை அவ்ளோ தூரம் தூக்கி அடிச்சது ஒங்க அக்காதானாமே?”

அப்பாவுக்குக் கேட்டிருக்கும். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலை குனிந்தபடியே நின்றார்.

அக்காவும் சின்னவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். நாட்டின் மத்திய வங்கியில், சென்னை அலுவலகத்தில். சின்னவர் உதவியாளராகச் சேர்ந்து பல வருடம் அங்கேயே இருந்தவர். அக்கா பின்னால் வந்தவள். நீடாமங்கலத்தில் பள்ளிக்கூடம், தஞ்சாவூரில் கல்லூரி, பிறகு பரீட்சை எழுதி நேரடியாக அதிகாரியாகச் சேர்ந்தாள். ஆகவே பதவியில் அவரைவிட மேலே இருந்தாள். எங்கள் ஊருக்கு இது சாதாரண விஷயமில்லை. எங்கள் அப்பா சின்னவர் வீட்டு நிலத்தில்தான் பிறந்ததிலிருந்து வேலை பார்த்தார். பண்ணை வேலையெல்லாம் போய், அந்த நிலத்திலேயே கொஞ்சத்தைக் குத்தகைக்கு எடுத்து, அப்புறம் கொஞ்சம் சொந்தமாகவும் வாங்கிய பிறகும், அந்த வீட்டு வாசலுக்குப் போனால் அப்பாவின் துண்டு தானாகத் தோளைவிட்டு இறங்கிவிடும்.

அக்கா நோட்டு அடிக்கிற இடத்தில் இருக்கிறாள் என்று எங்கள் தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். அவள் பார்த்தது பணியாளர் பிரிவு. யார் எந்தப் பிரிவில் உட்கார வேண்டும், யாருக்குக் குவார்ட்டர்ஸ், யார் விடுப்பில் போனால் அந்த வேலையை யார் பார்ப்பது, பதவி உயர்வு வாங்கியவர் எந்த ஊருக்குப் போக வேண்டும். “நாள் பூரா நாற்காலியை மாத்திப் போடுற வேலைடி எனக்கு” என்பாள். சலிப்பில்லை, அதில் அவளுக்கு ஒரு கர்வமே இருந்தது. தெரிந்தவன் தெரியாதவன் பார்க்காமல் செய்கிறேன் என்கிற கர்வம். சிபாரிசுக்கு ஆளே இல்லாமல் மேலே வந்தவள். எழுதி வைத்த விதி ஒன்றுதான் தன்னைத் தூக்கிவிட்டது என்று நம்பினாள். அதனால் அதை யாருக்காகவும் வளைப்பதில்லை என்று வைத்திருந்தாள்.

அந்த வருடம் சின்னவருக்குப் பதவி உயர்வு வந்தது. அதோடு குவாஹாட்டிக்கு மாற்றலும் வந்தது. உயர்வு வாங்கியவர்கள் வெளியூர் போவது அங்கே வழக்கம். அவருடைய அம்மா அதற்குள் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்திருந்தார். இதயமும் பலவீனமாகிவிட்டது. சின்னவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை ரயில் பிடித்து வந்து, ஞாயிறு இருந்துவிட்டுப் போவார். தன்னைச் சென்னையிலேயே விட்டுவைக்கும்படி விண்ணப்பித்தார். அதைப் பரிசீலித்துக் குறிப்பு எழுத வேண்டியவள் அக்கா.

எங்களுக்கு இது தெரியவந்தது அந்த வீட்டு அம்மா மூலமாகத்தான். அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா திரும்பி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, அக்காவுக்குப் போன் போடச் சொன்னார். நான் போட்டுக் கொடுத்தேன். “அந்தம்மா கட்டில்ல கெடந்துகிட்டு என்னைக் கும்புடுறாங்கம்மா. எனக்கு ஒரு மாதிரி ஆயிப் போச்சு. ஒன்னால எதாச்சும் முடியுமா?” என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா, “முடியாதுப்பா. ரூல் அப்படி” என்றாள். அப்பா, “ரூல்னா சரிம்மா” என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் போய் அந்த அம்மாவிடமும் அதையே சொன்னார். மகள் வாயிலிருந்து வந்த சொல் அவருக்கு அரசாங்க முத்திரை மாதிரி.

சின்னவர் போனார். அந்த மார்கழியில் அவருடைய அம்மா போய்விட்டார். அவர் வந்து சேர்ந்தது மறுநாள் மத்தியானம். கம்பளிச் சட்டையோடு, அந்த வெயிலில், காரிலிருந்து இறங்கி நேராகப் பெட்டியிடம் போய்க் கண்ணாடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். அழவில்லை. “இதைக் கொஞ்சம் திறக்க முடியுமா?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். மிராசு வீட்டுத் தெருவில், பழைய வஞ்சத்தைத் தீர்த்துக்கொண்டாள் என்றார்கள். அது எனக்கு வலிக்கவில்லை, எதிர்பார்த்ததுதான். எங்கள் தெருவில் பேசியதுதான் தாங்கவில்லை. “நம்ம புள்ள காட்டிட்டாள்ல” என்று என் பள்ளிக்கூட வாசலிலேயே வந்து ஒருவர் சந்தோஷப்பட்டார். நான் அங்கே ஆசிரியை. இரண்டு தெருப் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவருடைய சந்தோஷத்தைப் பறிப்பதுபோல் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் எத்தனை தலைமுறை நின்றது என்று எனக்குத் தெரியாதா? வகுப்புக்குப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு அக்கா வந்தபோது கேட்டேன். கோரையாற்றுக் கரையில் இருவரும் நடந்துகொண்டிருந்தோம். அவள் முதலில் அலுவலகக் குரலில் பேசினாள். அதே பிரிவில் ஒரு பெண், சுகமில்லாத குழந்தையை வைத்துக்கொண்டு, போன வருடம் இதே மாதிரி கேட்டாளாம். மறுத்துவிட்டார்களாம். “அவளுக்கு இல்லன்னுட்டு இவருக்கு எப்படிடி குடுப்பேன்? சொந்த ஊர்க்காரர்ங்கிறதுக்காகவா?” என்றாள். சரிதான் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே நின்றாள்.

“அவரு என் ரூமுக்கு வந்தாருடி. உக்காருங்கன்னு சொன்னேன். உக்காரல. கையைக் கட்டிக்கிட்டு நின்னுகிட்டே பேசினாரு. அப்பா அவங்க வாசல்ல நிப்பாரே, அந்த மாதிரி.” தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “குறிப்பு எழுதுறப்ப நான் ரூலைத்தான் நெனச்சேன். சத்தியமா ரூலைத்தான் நெனச்சேன். ஆனா அவரு நின்னது எனக்குப் புடிச்சிருந்துச்சா? அது எனக்கே தெரியல.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியெல்லாம் இருக்காதுக்கா என்றேன். எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை.

அதன் பிறகு அக்காவுக்கே பதவி உயர்வு வந்து, மும்பைக்குப் போனாள். ஊருக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது அந்தச் சமயத்தில்தான். காலையில் நடவு பார்க்கப் போனவரை வரப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அம்மா முன்பே தவறிவிட்டதால், எல்லாம் என் தலையில் விழுந்தது. காலையில் அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பகலுக்கு ஒரு அம்மாளை உட்காரவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். அக்கா மாதம் ஒரு முறை திருச்சி வரைக்கும் விமானத்தில் வந்து, சனி ஞாயிறு இருந்துவிட்டுப் போவாள்.

ஒரு தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சென்னைக்கு மாத்தல் கேட்டாத்தான் என்னக்கா? வாராவாரம் வந்துட்டுப் போகலாம்ல?” என்றேன். “எந்த மொகத்தை வச்சிக்கிட்டுடி கேப்பேன்?” என்றாள். ஒருவருக்கு மறுத்ததைத் தனக்குக் கேட்கக்கூடாது என்று தண்டனை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்டனையில் பாதியை நானும், பேச முடியாத அப்பாவும் அனுபவிக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்ததோ என்னவோ, அவள் காட்டிக்கொள்ளவில்லை.

சின்னவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குவாஹாட்டி முடிந்து சென்னைக்குத் திரும்பியிருந்தார். அறுவடை பார்க்க வந்தவர், அப்பாவைக் கேள்விப்பட்டு வந்தார். அந்த வீட்டார் யாரும் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டேன். கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வேலை செய்கிற இடது கை மட்டும் மெதுவாக ஏறி, தோளில் இல்லாத துண்டைத் தேடியது. சின்னவர் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பும் வரை விடவில்லை. போகும்போது வாசலில் நின்று என்னிடம், “அக்காவை சென்னைக்கு ஒரு விண்ணப்பம் போடச் சொல்லுங்க. கெடைக்கும்” என்றார். என்னை அவர் அதுவரை ‘வா, போ’ என்றுதான் பேசியிருக்கிறார்.

அக்காவிடம் சொன்னேன். “அவரா சொன்னாரு?” என்று இரண்டு முறை கேட்டாள். உடனே போடவில்லை. அப்பாவுக்கு மறுபடி ஒரு முறை வலிப்பு மாதிரி வந்து, நான் போனில் அழுத பிறகுதான் போட்டாள். சில வாரங்களிலேயே உத்தரவு வந்துவிட்டது. யாரும் அவளைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் சந்தோஷப்பட்டுத் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

அக்கா வந்தாள். வந்த முதல் சனிக்கிழமை அப்பாவுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தவள், கையை அப்படியே நிறுத்திக்கொண்டு சொன்னாள்: “அதே ரூல்தான்டி. ஒரு வார்த்தை மாறல. தகுந்த காரணம் இருந்தா விலக்கு அளிக்கலாம்னு அப்பவும் இருந்துச்சு. நான் அதைத் தெனம் படிச்சவ. எனக்குக் குறிப்பு எழுதினவரு ‘அளிக்கலாம்’ங்கிறதை அளிக்கலாம்னு படிச்சிருக்காரு, அவ்ளோதான். நான் அப்பாகிட்ட முடியாதுன்னு சொன்னேன். முடிஞ்சிருக்கும்டி. அவருக்கும் முடிஞ்சிருக்கும், அந்தக் குழந்தைக்காரிக்கும் முடிஞ்சிருக்கும்.” பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, “அப்பா, முடிஞ்சிருக்கும்ப்பா” என்றாள். அப்பா வாயைத் திறந்தார். அடுத்த வாய்க்காக.

மறுநாள் காலை, சின்னவர் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு, மிராசு வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். சிறு வயதில் நாங்கள் அந்த வீட்டின் கொல்லைப்புறம் மாட்டுக்கொட்டகை வரைக்கும்தான் போயிருக்கிறோம். அக்கா முன்வாசலில் நின்று கூப்பிட்டாள். சின்னவர் வந்து, “வாங்க, உள்ள வாங்க” என்றார். என்னை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் போனாள். நான் எதிரே பூவரச மரத்தடியில் நின்றேன். அறுவடை மிஷின் ஒன்று வைக்கோல் தூசியோடு கடந்து போயிற்று. தெருவில் இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். உள்ளே குரல் உயரவில்லை. நெடுநேரம் என்று எனக்குத் தோன்றியது. அப்படி இருந்திருக்காது.

வெளியே வந்தவள் நேராக ஆற்றுப் பக்கம் நடந்தாள். ஆற்றங்கரைக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

“காப்பி குடுத்தாரு. குடிச்சேன். அப்புறம் சொன்னேன். ஒங்களுக்குக் குடுத்திருக்கலாம், நான் குடுக்கலன்னு சொன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“‘தெரியும்’னாரு. ‘அப்பவே தெரியும். நானும் அந்த ரூலைப் படிச்சவன்தானே. அதனாலதான் ஒங்களைப் போடச் சொன்னேன்’னாரு.”

ஆற்றில் தண்ணீர் குறைந்து, நடுவில் மணல் தெரிந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அலுவலகத்தில் எத்தனையோ பேருடைய ஊரை முடிவு செய்தவள், சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கேட்டாள்: “நல்லதுக்குத்தானடி சொல்லியிருப்பாரு?”

அப்பாவின் கையை விடாமல் வைத்திருந்தாரே, அதை நினைத்தேன். ஆமாம் என்று சொல்ல வந்தேன். ஆனால் கண்ணாடியின் மேல் கை வைத்து நின்ற ஒரு மனிதனுக்கு, முடிந்திருக்கும் என்பதை அவளே உணரட்டும் என்று நினைக்கவும் உரிமை இருந்தது.

“சொல்றப்ப அவரு மொகத்தைப் பாத்தியாக்கா?”

“பாத்தேன். ஒண்ணுமே தெரியலடி” என்றாள். கொஞ்ச தூரம் நடந்தோம். “அன்னிக்கு என் ரூம்ல என் மொகத்தையும் அவரு இப்படித்தான் பாத்துக்கிட்டு நின்னிருப்பாரு.”