செம்பாக்கத்தில் கழுவாத அரிசிச் சோறு

காலை 7 மணி. பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி 7.40-க்குத்தான். நான் ஏழுக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி தவறிவிடும் என்ற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. ஒன்று போனால் இன்னொன்று வருகிற மின்சார ரயில் லைனிலும் அது போகவில்லை. டிக்கெட் ஐம்பது பைசா. சட்டைப்பையில் வைத்து இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மாற்றினேன்.

இது 1972, ஐப்பசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. எந்த வேலையாகப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் ரீட்டாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். என் ஒரே தங்கை ஸ்டெல்லா செம்பாக்கத்தில் தனியாக இருக்கிறாள். கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லத்தான் போனேன்.

ஸ்டெல்லா பதினேழு வயதில் கன்னியாஸ்திரீ ஆவதற்காக இத்தாலிக்குக் கப்பலேறியவள். அன்றைக்கு ராயபுரத்தில் எங்கள் தெருவே மாலை போட்டு அனுப்பியது. ஒன்பது வருஷம் கழித்து, கடைசித் துறவற வார்த்தைப்பாடு கொடுக்காமல், உடுப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா சாமியார். மாதா கோயிலில் கல்யாணப் பூசை அவர்தான் வைக்கிறார். உங்கள் நாத்தனார் முன்வரிசையில் நின்றால் அவருக்குச் சங்கடம் என்று சம்பந்தியம்மாள் என் மனைவி லூர்துவின் காதில் போட்டுவிட்டார்கள். லூர்து, ஒரு கடிதம் போட்டுவிடலாமே என்றாள். எனக்கு மனசு வரவில்லை. நான் புத்தகம் பைண்டிங் செய்கிறவன், படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கடிதத்தில் ஒரு சொல் தப்பாக விழுந்தால் பிறகு அழிக்க முடியாது.

7.40-லிருந்து 8.35 வரை ரயில். பதினெட்டு மைல். மாம்பலம் தாண்டியதும் எதிரில் இருந்தவரிடம், தாம்பரம் வந்தால் சொல்லுங்கள் என்றேன். ரயில்வே காக்கிச் சட்டை போட்டவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், கடைசி ஸ்டேஷனுக்குப் போய் இம்மாம் பயப்படறே. தூங்கிகினு கெடந்தாக்கூட எய்ப்பி எறக்கி வுட்டுடுவான்."

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மீனம்பாக்கத்தில் வானம் இருண்டுகொண்டு வந்தது. பல்லாவரத்து மலையில் கல் உடைத்த வெள்ளைக் காயங்கள் தெரிந்தன. குரோம்பேட்டையில் தோல் பதனிடுகிற நாற்றம் பெட்டிக்குள் ஏறியது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நாலும் ஒன்றாகத்தான் வந்து முடிந்தது.

9 மணி. தாம்பரம் கிழக்கில் ரிக்‌ஷாக்காரர் இரண்டு ரூபாய் கேட்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்து பஸ் பிடித்தேன். ராஜகீழ்ப்பாக்கம் வரை இருபது பைசா. அங்கிருந்து ஒரு மைல் நடை. இந்தப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: பனைமரம், இரண்டு போக வயல், பாதி கட்டி நிற்கிற பிளாட் வீடுகள், அப்புறம் ஏரி. ஏரி நிரம்பி, சாலையோரம் வரை தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா வீட்டுக்கு வழி சரியா என்று டீக்கடையில் கேட்டேன்.

"யாரு, இத்தாலி டீச்சரா? அரிசிய கழுவாம ஆக்குவாங்களே, அவங்க வூடுதானே? ஏரிக்கரைக்கு அந்தாண்ட போ சார், ஓட்டு வூடு."

அவள் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறாள் என்பது தெரியும். ஊரில் இப்படி ஒரு பெயர் எடுத்திருப்பது தெரியாது. இந்தப் பக்கம் கன்னியாஸ்திரீ மடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அரிசியைப் பற்றித்தான் பேச்சு.

10.20. வீட்டுக்காரர்கள் பழைய விவசாயக் குடும்பம். பின்கட்டை ஸ்டெல்லாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு அறை, ஒரு சமையல் இடம், வெளியே கிணறு. என்னைப் பார்த்ததும் அவள் கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணா, ஏன் இப்படி இளைச்சுப்போயிட்டே? கல்யாணக் கவலையா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய் இல்லை.

உட்காரவைத்து, நான் வாய் திறக்கும் முன் அவளே கல்யாணப் பேச்சை எடுத்தாள். காலை டிபனுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள். இருநூறு என்றேன். அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இத்தாலியில் மடத்துச் சமையலறையில் நாற்பது பேருக்குச் செய்தவளாம். ரிசோட்டோ என்கிற சோறு கூட்டத்துக்கு ஆகாது, அடுப்பிலிருந்து இறக்கினதும் சாப்பிட வேண்டும், கால் மணி வைத்தால் களியாகிவிடும் என்றாள். ஆனால் அதையே முட்டை சேர்த்துத் தட்டில் அழுத்தி வேகவைத்து எடுத்தால் துண்டு போட்டுக் கொடுக்கலாம், ஆறினாலும் கெடாது. தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்காரரிடம் போய், கல்யாணத்துக்கு முந்தின நாள் அடுப்பை இரண்டு மணி நேரம் கொடுப்பாரா என்று கேட்டு வந்திருக்கிறாள். அவர் சரி சொல்லிவிட்டாராம். நோட்டில் தட்டுகளை வரைந்திருந்தாள். ஆறு தட்டு.

"என் கையால ரீட்டாவுக்கு வேற என்ன செய்யப்போறேன். இன்னிக்கு நீ சாப்பிட்டுப் பாரு. ராயபுரத்துக்காரங்க நாக்குக்கு ஒத்துவருமான்னு நீதான் சொல்லணும்."

11.15. அவள் சமைத்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். அரிசி வீட்டுக்காரம்மாள் வயலில் விளைந்தது, குண்டுப் பச்சரிசி. கல் பொறுக்கி, துணியில் தேய்த்துத் துடைத்தாள். தண்ணீர் காட்டவில்லை. ஒரு தரமாவது களைந்துவிடேன் என்றேன். களைந்தால் மாவு போய்விடும், மாவு போனால் இந்தச் சோறே இல்லை என்றாள். வீட்டுக்காரம்மாள் ஆரம்பத்தில் இதைப் பார்த்துவிட்டு, இவள் இல்லாத நேரத்தில் உதவியாக இருக்கட்டும் என்று மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி வைத்துவிட்டுப் போவாராம்.

கரியடுப்பில் கோழி எலும்பும் வெங்காயமும் கேரட்டும் வெந்த சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வெண்ணெய் விட்டு, வெங்காயம் வதக்கி, அரிசியைப் போட்டு வறுத்தாள். அங்கே இந்த இடத்தில் திராட்சை ரசம் ஊற்றுவார்களாம். இவள் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தாள். பிறகு ஒரு கரண்டி சாறு. அது வற்றும்வரை கிளறினாள். வற்றியதும் இன்னொரு கரண்டி. மறுபடி கிளறல். இருபது நிமிஷம் இப்படியே. நம் வீட்டில் உலை வைத்து அரிசியைப் போட்டால் தெருக்குழாய்க்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வடிக்கலாம். இதில் ஆள் அசையக் கூடாது.

அவள் முகம் அடுப்பைப் பார்த்து இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. இப்போது விட்டால் சொல்லமாட்டேன் என்று தோன்றிவிட்டது.

"ஸ்டெல்லா, நீ கல்யாணத்துக்கு வரவேண்டாம்னு சொல்றாங்க."

கிளறும் கை நிற்கவில்லை. "யாரு?"

"மாப்பிள்ளை வீட்ல."

ஒரு கரண்டி சாறு ஊற்றினாள். வற்றும்வரை கிளறினாள். அப்புறம் கேட்டாள்.

"நீ என்ன சொன்னே?"

அவள் மரக்கரண்டியை என் கையில் கொடுத்தாள். "கையை எடுக்காதே, அடிபிடிச்சுடும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நான் கிளறினேன். வற்றியது, ஊற்றினேன், கிளறினேன். கிணற்றடிப் பக்கம்தான் போனாள். அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா என்று வரும்போது நான் பார்க்கவில்லை. சத்தம் எதுவும் இல்லை. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன், என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். பாத்திரம் வேறு இறுகிக்கொண்டு வந்தது. வெளியே ராட்டினம் கிறீச்சிட்டது, வாளி தண்ணீரில் விழுந்தது, வீட்டுக்காரம்மாள் ஏதோ கேட்க இவள் ஏதோ சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது.

ஸ்டவ்வை அணைத்துவிட்டு அவள் பின்னால் போயிருக்கலாம். அது தோன்றவே இல்லை என்றால் பொய். கையில் கரண்டி இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு பருக்கையை எடுத்துக் கடித்துப் பார்த்து, இன்னும் இரண்டு நிமிஷம் என்றாள். அவளே கரண்டியை வாங்கிக்கொண்டு, டின் சீஸைத் துருவிப் போட்டு இறக்கினாள்.

12 மணி. சாப்பிட்டோம். மிளகு சீரகம் இல்லாத பொங்கல் மாதிரி, வெண்ணெய் வாசனையோடு, தட்டில் மெல்லப் பரவியது. பருக்கைக்கு நடுவில் எள்ளளவு கடினம். அதுதான் பதம் என்றாள். நான் கிளறிய இடத்தில் கொஞ்சம் அடிபிடித்த வாசனை வந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். இரண்டாம் தரமும் போட்டாள். கல்யாணத்தைப் பற்றி அவள் சொன்னது ஒன்றுதான்:

"பேக்கரிக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லணும். பாவம், காத்துட்டிருப்பார்."

மீதிச் சோற்றில் முட்டை உடைத்துக் கலந்தாள். பழைய பிஸ்கட் டப்பாவில் வெண்ணெய் தடவி, ரஸ்க் தூள் தூவி, அதில் அழுத்தி நிரப்பினாள். மணல் போட்ட அலுமினியப் பாத்திரத்துக்குள் டப்பாவை இறக்கி மூடி, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டாள். அரைமணி நேரத்தில் மேலே பொன்னிறமாக ஏடு கட்டிவிட்டது. ரீட்டாவுக்கு என்று டப்பாவோடு துணியில் கட்டி என்னிடம் கொடுத்தாள்.

2.30. அவளும் என்னோடு பஸ் ஏறினாள். இரண்டு டிக்கெட்டையும் அவளே எடுத்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பேக்கரிக்குள் நான் போகவில்லை, வாசலில் நின்றேன். கல்யாணத்தில் வேறு ஆளை வைத்துச் சமைக்கிறார்களாம் என்று அவள் சொன்னது கேட்டது. பேக்கரிக்காரருக்கு மனசு ஆறவில்லை. "இன்னாம்மா, தட்டு ஆறையும் தேச்சு எடுத்து வெச்சேனே. அந்தாளு உன்ன மாதிரி செய்வானா?" என்றார். அவள் சிரித்தது கேட்டது. வெளியே வந்து, மழை வலுக்கும் முன் போய்விடு அண்ணா என்றாள். ஸ்டேஷன் படியில் நான் திரும்பிப் பார்த்தபோது செம்பாக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள், தலைமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு.

5.15. ராயபுரம். லூர்து கதவருகிலேயே நின்றாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"சாப்பாடு போட்டா."

லூர்து டப்பாவைத் திறந்து துண்டு போட்டாள். ரீட்டா நின்றபடியே இரண்டு துண்டு தின்றுவிட்டு, அத்தை கல்யாணத்துக்கு இதைச் செய்வார்களா என்று கேட்டாள். அத்தைக்கு அன்றைக்கு முடியாதாம் என்று லூர்து சொன்னாள். லூர்துவும் சாப்பிட்டாள். கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது என்றாள். பிறகு டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைத்தாள்.

"வெறும் டப்பாவாவா திருப்பிக் கொடுக்கறது? கல்யாணம் முடியட்டும், பலகாரம் வச்சுக் கொடுத்துட்டு வாங்க."

சரி என்றேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாமியார் அரைமணி நேரம் பிரசங்கம் வைத்தார். டிபனுக்கு இட்லியும் கேசரியும். டப்பாவில் லூர்து நாலு லட்டும் ஆறு அதிரசமும் வைத்து மூடியிருக்கிறாள். கஞ்சத்தனம் செய்யவில்லை. வழி எனக்குத் தெரியும்: ரயிலுக்கு ஐம்பது பைசா, பஸ்ஸுக்கு இருபது, அப்புறம் ஒரு மைல் நடை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. எறும்பு ஏறாமல் இருக்க, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணம் கவிழ்த்து, அதன்மேல் டப்பாவை வைத்திருக்கிறோம். தண்ணீர் வற்றும்போதெல்லாம் நான்தான் ஊற்றுகிறேன்.