சவுண்டல் தழை தின்ற முயல்

பல்லடத்தில் எங்கள் வீட்டு வேலியோரம் ஒரு சவுண்டல் மரம் நிற்கிறது. சூபாபுல் என்றாலும் அதுதான். அந்தத் தழையைத் தின்றுதான் என் வெள்ளாடுகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ஜோடி முயல் வாங்கினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். பெட்டை சினையானதும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"வெறும் புல்லு எப்படி அம்மணி பத்தும்? ஆடு திங்கறதை முயல் திங்காதா?" என்று தினமும் ஒரு கட்டுத் தழை வெட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? அந்தப் பழக்கமே நமக்குக் கிடையாதே!

கொஞ்ச நாளில் முயல்களுக்கு முடி கொட்டியது. வெயில் என்றேன். பேன் என்றேன். என் வாய் சும்மா இருக்குமா? பெட்டை குட்டி போட்டது, ஒன்றுகூட உயிரோடு இல்லை. பிறகு பெட்டையும், அதன் பின்னாலேயே ஆணும் செத்துப்போயின.

என் ஆட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டரிடம் இதைச் சொன்னேன். அந்த மரம் தன்னைக் காத்துக்கொள்ள மைமோசின் என்று ஒரு அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்கிறதாம். உடம்புக்குத் தேவையான வேறொரு அமினோ அமிலத்தின் சாயல் அதற்கு. உடம்பு ஏமாந்துபோகும். முடி உதிரும், தைராய்டு கெடும், கருவுக்கும் ஆகாது.

"என் ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"அதை உடைக்கற கிருமி ஆட்டு வயித்துல இருக்குதுங்க. முயலுக்கு இல்லீங்க. ஆட்டுக்கே அளவாத்தான் போடோணும்."

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். காலிக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கண்ணு கொன்னுபோட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"தெரியுமுங்கக்கா," என்றாள். "நீங்க உடுமலைக்குப் போயிருந்த வாரம் புல்லு மட்டும் போட்டனுங்க. நல்லாத்தான் இருந்துச்சு. தழை தின்னா சொணங்கிப்போகுதுன்னு அப்பவே சந்தேகமுங்க."

"அப்புறம் எதுக்கு போட்டே?"

"ஆசையா வெட்டியாந்து குடுத்துபோட்டு, திங்குதான்னு நின்னு பார்ப்பீங்க. வேண்டாம்னு எப்படீங்கக்கா சொல்றது?"

வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தழையில் விஷம் இருந்தது எனக்குத் தெரியாது, சரி. கூண்டுக்கு முன்னால் நான் அப்படி நின்றதால்தானே அவள் வாய் திறக்கவில்லை? பாவி நான், ஒரு நாளாவது பேசாமல் என் வீட்டில் கிடந்திருக்கலாம்.