லிஃப்ட் பொத்தான் வெச்ச காளான் ரூம்

எங்க வீட்டுக்காரருக்கு வேலை செய்யற இடத்துல வெச்ச பேரு அரைமணி. லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. எந்தக் கட்டடத்துல லிஃப்ட் நின்னாலும் போய் எட்டிப் பார்த்துட்டு, “அரைமணி நேரத்துல ஓடும்”னு சொல்லிடுவாரு. அது ஓடறது சாயங்காலமோ, மறுநாளோ. ஆனா ஓடும், அதையும் சொல்லணும் இல்லையா. இருபத்தாறு வருஷத்துல இவர் கை பட்ட ஒரு லிஃப்ட் கூட ஆளை வெச்சுக்கிட்டு நடுவுல நின்னதில்லையாம். இது அவரே சொல்றது, நாம கேட்டாலும் கேக்காட்டியும்.

அந்த மனுஷன்தான் எனக்கு மெஷின் செஞ்சு குடுக்கறேன்னு கிளம்பினாரு. என் நேரம்.

நான் வீட்டுப் பின்கட்டு ரூம்ல சிப்பிக் காளான் வளர்க்கிறேன். நாலு வருஷமா. வைக்கோலை வேக வெச்சு, ஆற வெச்சு, காளான் விதையைத் தூவி, நீளமான பிளாஸ்டிக் பையில அடைச்சு உத்தரத்துல தொங்க விடணும். நாப்பது பை தொங்குது. ரெண்டு ஓட்டலுக்கும் ஒரு காய்கறிக் கடைக்கும் நான்தான் குடுக்கிறேன். சொல்றதுக்கு ஈஸியா இருக்கு. பையில மொட்டு விட ஆரம்பிச்சாச்சுன்னா அந்த ரூம்ல ஈரம் குறையவே கூடாது. தொண்ணூறு பெர்சென்ட் இருக்கணும், எண்பத்தஞ்சுக்குக் கீழ போகக் கூடாது. அதுக்காகத் தண்ணியை ஊத்தவும் கூடாது, ஸ்ப்ரேயரால பனி மாதிரி தெளிக்கணும், ஒரு நாளைக்கு ஆறு தடவை. நடுநடுவுல ஜன்னலைத் திறந்து காத்து விடணும், திரும்ப மூடணும். கைக்குழந்தையாவது பால் குடிச்சா ரெண்டு மணி நேரம் தூங்கும். இது தூங்காது.

அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டே நாள் போனேன். தெளிக்கறதுக்குப் பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லிட்டுப் போனேன். அந்த மகராசி ஸ்ப்ரேயரெல்லாம் எதுக்குன்னு மக்குல மொண்டு ஒவ்வொரு பை தலையிலயும் ஊத்திட்டா. கேட்டா, “செடிக்குத் தண்ணி ஊத்தினா தப்பாம்மா?”ங்கறா. அத்தனையும் அழுகிப் போச்சு. அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு அழுதேன். அதுக்கப்புறம் ரெண்டரை வருஷமா இந்த வீட்டை விட்டு ஒரு நாள் கூட நான் வெளியில தங்கினதில்ல.

அப்பதான் பெரியக்கா போன் பண்ணுச்சு. எங்கம்மா போனப்ப எனக்கு ஆறு வயசு, அக்காவுக்குப் பதினாறு. என்னைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது எல்லாம் அதுதான். யார்கிட்டயும் எதையும் கேக்காது. இதயத்துல வால்வு மாத்தணும், மூணு மாசம் கழிச்சுத் தேதி குடுத்திருக்காங்கன்னு ஏதோ பல் டாக்டர்கிட்ட போற மாதிரி சொல்லிட்டு, கடைசியில, “நீ வருவியாடி?”ன்னு கேட்டுச்சு.

“வராம? வர்றேன்க்கா”ன்னேன். பஸ்ல ஒரு பகல் முழுக்கப் போகணும். போனா பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்.

ஒரு மாசம் காளானை நிறுத்திடலாம்னுதான் நான் சொன்னேன். ஓட்டல்காரங்க வேற ஆளைப் பார்த்துக்குவாங்க, பார்க்கட்டும், வந்து திரும்பப் பிடிச்சுக்கலாம்னேன். இவரு விட்டாரா? “எதுக்கு நிறுத்தணும்? பத்து மாடி லிஃப்டை ஆளில்லாம ஓட வைக்கிறேன், ஒரு ரூமை ஓட்ட முடியாதா? நீ நிம்மதியா போய் அக்காவைப் பாரு, அதுக்குள்ள நான் மெஷின் பண்ணிடறேன்.” ஒத்தக் கால்ல நின்னாரு. சரின்னு தலையாட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

மறுநாளே எங்கேயோ இடிக்கிற கட்டடத்துலேர்ந்து பழைய லிஃப்ட் பெட்டியோட பொத்தான் பலகையைக் கழட்டிக்கிட்டு வந்துட்டாரு. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் மாடி நம்பர், மேல ஒரு அம்பு, கீழ ஒரு அம்பு, கதவு திறக்கற பொத்தான், மணி, எல்லாம் அப்படியே. “ஈரம் ஏறினா மேல் அம்பு எரியும், இறங்கினா கீழ் அம்பு. சரியான அளவுக்கு வந்துட்டா மணி அடிக்கும். எப்படி?”ன்னாரு. எப்படின்னு நான் என்னத்தைச் சொல்றது. காளான் எந்த மாடிக்குப் போகுதுன்னு கேட்டேன், கோவிச்சுக்கிட்டாரு.

மத்தபடி அதுல இருந்தது ஈரத்தையும் சூட்டையும் பார்க்கற ஒரு சென்சார், தண்ணியைப் பனியா ஊதற ஒரு சின்னக் கருவி, அதுக்கு மிஸ்ட் மேக்கர்னு பேரு, அதுக்குத் தண்ணி குடுக்க இருபது லிட்டர் கேன், காத்தை வெளிய தள்ளற ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஈரம் குறைஞ்சா பனி ஊதணும். அப்பப்ப ஃபேன் ஓடணும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுதானுக்குத்தான் என் உயிரை வாங்கினாரு.

முதல்ல சென்சாரைப் பனி ஊதற வாய்க்கு நேரா மாட்டினாரு. அது நனைஞ்சுட்டு, ரூமே நனைஞ்சு கிடக்குன்னு நினைச்சுக்கிட்டு எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. மூலையில தொங்கின பை வறண்டு போச்சு. அதைத் தள்ளி மாட்டச் சொல்லி நான் கரடியா கத்தினேன், காதுல போட்டுக்கல. நாலு நாள் கழிச்சு தானே கண்டுபிடிச்ச மாதிரி தள்ளி மாட்டினாரு. அப்புறம் பனியும் ஃபேனும் சண்டை. பனி ஊதின உடனே ஃபேன் ஓடி அதை வெளிய தள்ளும், ஈரம் குறைஞ்சுதுன்னு திரும்பப் பனி ஊதும். மேல் அம்பு, கீழ் அம்பு, டிங், மேல் அம்பு, கீழ் அம்பு, டிங். பகல் பூரா. பக்கத்து வீட்டம்மா சுவர் வழியா எட்டிப் பார்த்து, “லிஃப்ட் போட்டிருக்கீங்களாமே? உங்க வீட்டுல மாடியே இல்லையேம்மா!”ன்னா. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

எப்ப முடியும்னு கேட்டா ஒரே பதில்தான். அரைமணி. ரெண்டு மாசம் அரைமணியிலேயே போச்சு. அங்க அக்காவுக்குத் தேதி நெருங்குது, இங்க இந்தாளு ஸ்க்ரூ டிரைவரைக் காதுல சொருகிக்கிட்டுப் பாட்டுப் பாடறாரு.

கடைசியா ஒரு நாள், “முடிஞ்சுது. இனிமே டெஸ்ட். நான் வேலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் நீ அந்தக் கதவையே தொடக் கூடாது, சொல்லிட்டேன்”னு உத்தரவு போட்டுட்டுப் போனாரு.

தொடக் கூடாதுன்னா தொடாம இருக்க நான் என்ன கல்லா? கதவுல சின்னதா ஒரு கண்ணாடி உண்டு. பத்து மணிக்குப் பார்த்தேன். முன் வரிசை மொட்டெல்லாம் வெளிறின மாதிரி தெரிஞ்சுது. பதினொண்ணுக்கும் பார்த்தேன். பெட்டி பேசாம நிக்குது. மனசு கேக்கல. உள்ள போய் ஒரு சுத்து தெளிச்சேன். ஒண்ணே ஒண்ணுதான்னு நினைச்சேன். மத்தியானம் இன்னொண்ணு. அப்புறம் கை தானா போக ஆரம்பிச்சுடுச்சு. அவர் வர்ற நேரத்துக்கு ஸ்ப்ரேயரைத் துடைச்சு, பாத்திரம் கழுவற தொட்டிக்குக் கீழ ஒளிச்சு வெச்சேன். ஐம்பத்திரண்டு வயசுல திருட்டுத்தனம்.

சாயங்காலம் வந்து, சென்சார் பகல் பூரா குறிச்சு வெச்ச கணக்கைப் பார்த்துட்டு மனுஷன் குதிச்ச குதி இருக்கே! “எண்பத்தேழுக்குக் கீழ இறங்கவே இல்ல பாரு!” இப்படியே இருபது நாள். நான் தெளிக்க, அவர் குதிக்க. அதோட விட்டாரா? கேனைத் தூக்கிப் பார்த்துட்டு, “ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் குடிக்குது, இதுக்கு எதுக்கு இருபது லிட்டர்?”னு பெரிய கேனைக் கழட்டித் தன் ஒர்க்‌ஷாப்புல குடிதண்ணிக்குக் கொண்டுபோய் வெச்சுட்டு, ஒரு அஞ்சு லிட்டர் கேனை மாட்டினாரு. மூணு நாளைக்கு ஒருக்கா ரொப்பினாப் போதுமாம்.

அப்பவே சொல்லியிருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா ஆபரேஷனுக்கு ஒன்பது நாள்தான் இருந்துச்சு. சொன்னா முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு, நான் அங்க போய்ச் சேர்ந்த மாதிரிதான். அவர் முகத்தையும் பார்த்தேன். சொல்லல. ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, கிளம்பற வரைக்கும் தெளிச்சுக்கிட்டே இருந்தேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில பஸ் ஏறினேன். மறுநாள் ஆபரேஷன். ஆறு மணி நேரம். அக்கா பொண்ணும் நானும் அந்த நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே போச்சு. சாயங்காலம் டாக்டர் வந்து, “முடிஞ்சுது, கண் திறக்கட்டும், பார்க்கலாம்”னு சொன்னாரு. அந்தப் பார்க்கலாம்ல எனக்கு உசுரே இல்ல. வீட்டுக்குப் போன் போட்டேன்.

“பெட்டி எப்படிங்க இருக்கு?”

“நல்லா இருக்கு. நீ அக்காவைப் பாரு”ன்னு வெச்சுட்டாரு.

மறுநாள் காலையில ஏழு மணிக்கு ஐசியு நர்ஸ் வெளிய வந்து, “சின்னவ யாரு? சின்னவளைக் கூப்பிடுன்னு சொல்றாங்க”ன்னா. ஓடினேன். வாயிலேர்ந்து குழாயை அப்பதான் எடுத்திருந்தாங்க. அக்கா என் கையில ரெண்டு விரலைப் பிடிச்சுது. “வந்துட்டியா”ன்னு கேட்டுச்சு. அஞ்சு நிமிஷம் ஆனதும் நர்ஸ் வெளிய போகச் சொன்னா. “அவங்க விடட்டும், போறேன்”னேன். அக்கா விடல. நர்ஸ் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுட்டுப் போனா.

பதினோரு நாள் அங்க இருந்தேன். அக்காவுக்குத் தலை வாரி விட்டேன். வகிடு கோணல்னு திட்டு வாங்கினேன். தினம் சாயங்காலம் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். நல்லா இருக்கு, நல்லா இருக்கு, அவ்வளவுதான் பதில். அந்தப் பெட்டியைப் பத்தி மூச்சு விடாம ஒரு மணி நேரம் பேசற மனுஷன் இப்படிச் சுருக்கமா பேசறாரேன்னு எனக்குத் தோணத்தான் செஞ்சுது. வேலை அசதின்னு விட்டுட்டேன். வார்டுல இருந்த அத்தனை பேர்கிட்டயும், எங்க வீட்டுக்காரர் செஞ்ச பெட்டி, நான் இல்லாமலேயே காளான் வளர்க்குதுன்னு பீத்திக்கிட்டேன் வேற.

வீட்டுக்கு வந்து பையைக் கூட இறக்கி வைக்கல, நேரா போய் அந்தக் கதவைத் திறந்தேன். காஞ்ச வைக்கோல் நாத்தம். மொட்டெல்லாம் பழுப்பேறிச் சுருங்கிக் கிடக்கு. கை வெச்சா உதிருது. உத்தரத்துலேர்ந்து ஈரச் சாக்கு நாலஞ்சு தொங்குது. பலகையில ஒரு விளக்கு கூட எரியல.

“என்னங்க இது!” வாய்க்கு வந்தபடி கத்தினேன். நாலு வருஷ உழைப்புன்னேன், ஓட்டல்காரனுக்கு என்ன பதில் சொல்லுவேன்னேன், அரைமணி அரைமணின்னு என் ஆயுசையே முடிச்சுட்டீங்களேன்னேன். அவர் கதவுகிட்டயே நின்னாரு. முகத்துல ஈ ஆடல.

“எப்ப நின்னுச்சு?”ன்னு கேட்டேன்.

“ரெண்டாம் நாள்” அப்படின்னாரு. “மூணு நாளைக்கு வரவேண்டிய தண்ணி ரெண்டாம் நாள் மத்தியானமே காலி. தண்ணியில்லாம ஓடி மிஸ்ட் மேக்கர் கருகிப் போச்சு. கடையில ஸ்டாக் இல்ல, ஆர்டர் குடுத்து ஒன்பது நாள் ஆச்சு, இன்னும் வரல. காலையிலயும் சாயங்காலமும் நான் தெளிச்சேன். பகல்ல நாலு நாள் அரை லீவு போட்டேன். சாக்கு கட்டினேன். தாங்கல.”

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவரே, “கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெஸ்ட் அப்ப யாரோ வெளியிலேர்ந்து தண்ணி குடுத்திருக்கணும். நீதான தெளிச்ச?”னு கேட்டாரு.

திருதிருன்னு முழிச்சேன். முழிச்சுட்டு, திரும்ப அவர் மேலயே பாய்ஞ்சேன்.

“சரி, நான்தான் தெளிச்சேன். நீங்க ஏன் போன்ல சொல்லல? தினம் கேட்டேனா இல்லையா? நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு பொய் சொன்னீங்களே!”

“சொன்னா நீ வந்துடுவ.”

“வராம?”

“உன்னை எனக்குத் தெரியாதா? ரெண்டாம் நாள் சாயங்காலம் சொல்லியிருந்தா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருப்ப.”

“ஆமா, பிடிச்சிருப்பேன்!”னு கத்தினேன்.

கத்தினவ அப்படியே நின்னுட்டேன். நிஜமாவே பிடிச்சிருப்பேன். அக்கா கண்ணு திறக்கறதுக்கு முன்னாடி நாப்பது பைக்காக ஓடி வந்திருப்பேன், சந்தேகமே வேண்டாம். மறுநாள் காலையில ஏழு மணிக்கு அந்த பஸ்ல உட்கார்ந்திருப்பேன். சின்னவளைக் கூப்பிடுன்னு அக்கா சொல்றப்ப, “அவங்க ஊருக்குப் போய்ட்டாங்கம்மா”ன்னு அந்த நர்ஸ் சொல்லியிருப்பா. அங்கேயே, அந்த ஈரச் சாக்குக்குக் கீழ தரையில உட்கார்ந்துட்டேன். அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு.

இவருக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பக்கத்துல குந்தி, என் தோளைத் தட்டி, “அழாதம்மா. காளான்தான, திரும்பப் போட்டுக்கலாம்”ங்கறாரு.

“அட மனுஷா, காளானுக்கு இங்க யாரு அழுதா!”ன்னு அதுக்கும் ஒரு கத்து கத்தினேன்.