திருப்பி வாங்கிய கை

ஆய்வகத்தில் அதைத் தோல் என்றுதான் சொல்வோம். ரப்பர் போல இழுபடும் மெல்லிய கறுப்புப் படலம். பாலிமருக்குள் கார்பன் நுண்குழாய்கள் பின்னிக் கிடப்பதால் அதில் மின்சாரம் ஓடும். வெட்டுப்பட்டால் ஓட்டம் நிற்கும். விளிம்புகள் தொட்டுக்கொண்டிருந்தால் சற்று நேரத்தில் தானாகவே ஒட்டி, மறுபடி ஓடும். அந்தத் தோலை ஒரு செயற்கைக் கையின் விரல்களில் போர்த்தினோம். அதை முதலில் அணிந்தவர் கடப்பாக்கத்துப் படகுக்கார அண்ணன்.

ஐஸ் உடைக்கும் எந்திரத்தில் வலது கையை இழந்தவர். ஏற்கெனவே அவரிடம் மோட்டாரில் இயங்கும் ஒரு கை இருந்தது. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது அதில் தெரியாது என்பதால், மகளை வலப்பக்கம் நடக்கவே விடமாட்டார். எங்கள் கையில் அழுத்தம் பட்டால் புஜத்தில் கட்டிய பட்டை அதிரும். மாட்டிவிட்ட அன்றே மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டு கடலோரம் நடந்தார். "சூடு தெரியல மேடம். ஆனா பாப்பா கை தெரிது," என்றார்.

ஒருமுறை நண்டுக் கொடுக்கு கீறி அதிர்வு நின்றுபோக, பதறிப்போய் போன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. "போச்சுன்னு நெனச்சேன். தானே வந்துகிச்சு!" என்று சிரித்தார்.

சோதனைக் காலம் முடிந்ததும் கையைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தோம், அவரும் தலையாட்டியிருந்தார். ஆனால் மகளின் விரலைப் பிடிப்பதற்கு முன்பு ஆட்டிய தலை அது. வாங்கிவர நான்தான் போனேன். பட்டையை அவிழ்க்கும்போது, "எதுக்குப்பா கயட்டுறாங்க?" என்று மகள் கேட்டாள்.

"ரிப்பேருக்கு," என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்காகச் சொன்ன பொய் அது. நான் பட்டையைச் சுருட்டினேன். வண்டியில் திரும்பும்போது மடியில் அந்தக் கை கனத்தது.

ஆய்வகத்துக்கு விருந்தினர் வரும்போதெல்லாம் தோலை வெட்டிக் காட்டுகிறோம். அது ஒட்டிக்கொள்ளும், கைதட்டுவார்கள். போன மாதம் அவரை மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். வளர்ந்துவிட்ட மகள் இடப்பக்கம் நின்றிருந்தாள். ஆராய்ச்சி தொடர்கிறது என்றேன்.

"நல்லது மேடம்," என்றவர், "இனிமே யாருக்குனா மாட்டுனா, திருப்பி எட்துக்கினு போவாதீங்க," என்றார்.

அடுத்த சோதனைக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஒருவரையும் நான் அழைக்கவில்லை.