மூடிய கை

"கோவிச்சுக்காதீங்க. புள்ள கெட்டிக்காரிதான். ஆனா கவனம் ஒரு இடத்துல நிக்குதில்ல. ஒருக்கா டாக்டருக்குக் காட்டினா நல்லம்."

மகளின் வகுப்பு டீச்சர் தணிந்த குரலில்தான் சொன்னார். நான்தான் கத்தினேன்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் பைத்தியம் இல்ல, டீச்சர்!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எங்கள் ஊர் பல்லேபொலைக்குத் திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. இன்னும் மூன்று நாளில் பெருநாள். கை நிறைய மருதோண்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கிற பிள்ளைக்கா கவனம் இல்லை? அதைப் போனில் படம் பிடித்து டீச்சருக்கு அனுப்ப வேண்டும் என்று மனம் துடித்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இலையைப் பறித்து அரைத்தேன்.

"கைய விரி, புள்ள."

அவள் இறுக்கி மூடிக்கொண்டாள். நான் பலவந்தமாக விரல்களைப் பிரித்தேன்.

உள்ளங்கையில் நீலப் பேனாவால் எழுதியிருந்தாள்: 'டீச்சரைப் பார்.' அதன் அடியில், பழைய எழுத்துகள் தேய்ந்த நீலக் கறை.

"ஒவ்வொரு நாளும் எழுதுறேன், உம்மா. கையப் பார்க்கத்தான் மறந்து போகுது."

மருதோண்டி கிண்ணத்திலேயே காய்ந்தது. மறுநாள் காலையில் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்த டாக்டரிடம் போவது என்றும் கேட்டேன்.

இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறோம். ஆனாலும் யாராவது மருதோண்டி அரைத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளை தனியாகப் பட்ட பாட்டின் மேல் அல்லவா நான் அதைப் பூசப் பார்த்தேன்.