கார்பன் தகடு ஷூவும் திருச்செங்கோட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும்

டிரையத்லான் பந்தயத்துக்குக் கார்பன் தகடு ஷூவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஐந்து மாதங்களுக்கு முன் இங்கே ஒரு பதிவு எழுதியிருந்தேன். இந்தத் தளத்தில் அதிகம் படிக்கப்பட்டது அதுதான். அதை நேற்று நீக்கிவிட்டேன். ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோடு பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் சிறிய பந்தயம் ஒன்று நடந்தது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். தூரம் குறைவு, கூட்டமும் குறைவு. எனக்கு ஷூ தரும் கடைக்காரர், புதிதாக வந்த ஜோடியை இந்தப் பந்தயத்தில் போட்டு ஓடிவிட்டு எழுதச் சொல்லியிருந்தார். அதனால்தான் போனேன்.

சனிக்கிழமை காலை 9.20க்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். நாமக்கல் வரை எண்பத்தைந்து கிலோமீட்டர், எழுபத்தெட்டு ரூபாய். சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் கழற்றிப் பையில் கட்டியிருந்ததால் நடத்துநர் லக்கேஜுக்கு அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு டிக்கியில் போட விட்டார். 11.40க்கு நாமக்கல். அங்கிருந்து திருச்செங்கோட்டுக்கு ஒரு மணி நேரம், முப்பத்திரண்டு ரூபாய். பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் லாட்ஜ், எழுநூறு ரூபாய். சைக்கிளை அறைக்குள் கொண்டுபோக முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எனக்கு விட்டார்கள், மாடிப்படியில் நானே தூக்கிப் போக வேண்டியிருந்தது.

மறுநாள் காலை 5.30க்குக் கல்லூரியில் எண் போட வரிசை. மார்க்கர் பேனாவால் கையில் எண் எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். முழங்கால் வரை கறுப்பு நிறத்தில் பெரிய மருத்துவ பூட்ஸ். என் கையில் 41 என்று எழுதிவிட்டு, நான் தோளில் தொங்கவிட்டிருந்த ஷூவைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நீச்சல் கல்லூரிக் குளத்தில். சைக்கிள் சங்ககிரி சாலையில் பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். சாலையோரம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் வரிசையாக நிற்கும் இடங்களில் பாதி வழி அடைபட்டிருக்கும். இடது ஓரத்தை நம்பாதீர்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு ஈரக் காலோடு ஷூவை மாட்டினேன். நடுவில் கார்பன் தகடு, அதற்கு மேலும் கீழும் மெத்தை போன்ற தடித்த அடிப்பாகம். காலை ஊன்றினால் முன்னால் தள்ளும். அது பொய் இல்லை. 24 நிமிடம் 10 விநாடியில் ஓடி முடித்தேன், என் வழக்கத்தைவிட நாற்பது விநாடி வேகம். ஆனால் வளாகத்துக்குள் கூம்பு வைத்துத் திருப்பிய இடத்தில் குதிகால் பக்கவாட்டில் ஆடியது, ஒருமுறை விழப் பார்த்தேன். வழக்கமாக இதையெல்லாம் 'சிறு குறை' என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவேன்.

முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஊன்றுகோலோடு வந்தார். பெயர் பூங்கொடி. குமாரபாளையத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஓட ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறதாம். இந்தப் பந்தயத்துக்குப் பணம் கட்டிப் பெயரும் கொடுத்திருந்தார். ஓட முடியாததால் எண் எழுத வந்திருக்கிறார்.

"ஏனுங்க, ஷூவப் பத்தி எழுதறவரு நீங்கதானுங்களே?"

ஆமாம் என்றேன். பாராட்டப்போகிறார் என்று நினைத்துச் சிரித்தும் வைத்தேன்.

என் பதிவைப் படித்துப் பத்தொன்பதாயிரம் கொடுத்து அதே ஷூவை வாங்கியிருக்கிறார். தினமும் போட்டுப் பழகுங்கள் என்று எழுதியிருந்தேன், தினமும் போட்டிருக்கிறார். ஏழாவது வாரம் பாதத்தின் மேல்பக்கம் வலிக்கத் தொடங்கியிருக்கிறது. பாதத்தின் நடு எலும்பில் கீறல் என்று மருத்துவர் சொன்னாராம். முதல் ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது, அதன் பிறகும் எப்போது ஓடலாம் என்று சொல்ல முடியாது.

"வலிச்சா பயந்துக்காதீங்க, கால் பழகிக்கும்னு எழுதியிருந்தீங்க. நானும் நிறுத்தலைங்க. மூணு வாரம் அந்த வலியோடயே ஓடுனேன்."

நான் அப்போது மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. ஒவ்வொருவர் கால் ஒவ்வொரு மாதிரி என்றேன். நான் மருத்துவர் இல்லையே என்றேன். உங்கள் ஓட்டத்திலேயே வேறு குறை இருந்திருக்கலாம் என்றும் சொன்னேன். எலும்பில் கீறலோடு நிற்கிறவரிடம், பதக்கம் கழுத்தில் தொங்க, குரலை உயர்த்திச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

அவர் குரல் உயரவில்லை.

"அந்த ஷூவ நீங்க காசு குடுத்து வாங்குனீங்களா?"

இல்லை, கடையில் கொடுத்தார்கள் என்றேன்.

"அத எழுதியிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி படிச்சிருப்பனுங்க."

அந்த ஷூ இலவசமாக வந்தது என்பதை நான் மறந்துபோய் விடவில்லை. எழுதினால் மதிப்புக் குறையும் என்று தெரிந்தே விட்டேன். 'கால் பழகிக்கும்' என்பது என் அனுபவமும் இல்லை. நான் பதினோரு வருடமாக ஓடுகிறவன், எனக்கு அந்த வலி வந்ததே இல்லை. கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம் சொல்வதைக் கேட்டு, நான் பட்டறிந்ததுபோல எழுதினேன்.

அங்கேயே மரத்தடியில் நின்று கடைக்காரருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பதிவின் கடைசியில் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்றார். அடுத்த மூச்சில், இன்றைய படம் எப்போது வரும் என்று கேட்டார். பதில் சொல்லாமல் துண்டித்தேன். திரும்பும் பஸ்ஸில் நாமக்கல் வரும்வரை அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அதன் பிறகு திட்ட மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். இரண்டு ஜோடியையும் மறுநாள் கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இனி, நான் முன்பே எழுதியிருக்க வேண்டியது. ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு வருடமாவது ஆகாதவர்கள் இந்த ஷூவை வாங்காதீர்கள். சாதாரண ஷூவில் 5 கிலோமீட்டரை வலியில்லாமல் ஓட முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. வாங்கினாலும் தினப் பயிற்சிக்கு வேண்டாம். பந்தயத்துக்கும், அதற்கு முன் சில வேகப் பயிற்சிகளுக்கும் போதும். ஒருமுறையாவது சைக்கிள் ஓட்டி இறங்கிய கையோடு, ஈரக் காலில், சாக்ஸ் இல்லாமல் போட்டு ஓடிப் பாருங்கள். கடையின் வழுவழுத் தரையில் எல்லா ஷூவும் பிரமாதமாகத்தான் இருக்கும். அடிப்பாகத்தின் தடிமனுக்குச் சில பந்தயங்களில் வரம்பு உண்டு, விதிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஜல்லி கிடக்கும் பாதை, அடிக்கடி திரும்பும் பாதை என்றால் நாற்பது விநாடிக்காகக் கணுக்காலைப் பணயம் வைக்காதீர்கள். பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில், விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இணையத்தில் என்னைப் போன்ற ஆட்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். யாராவது ஒரு பொருளைப் புகழ்ந்தால், அது அவருக்கு எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள்.

பூங்கொடியின் காலைப் படம் எடுத்துப் போட்டால் நாலு பேர் எச்சரிக்கையாவார்கள் என்று அவரிடம் போனில் கேட்டேன். மறுத்துவிட்டார். தன் காலைக் காட்டி நான் ஆள் சேர்க்க வேண்டாம் என்றார். நியாயம்தான். பெயரைப் போடலாம், ஆனால் எழுதியதை முதலில் தனக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

அனுப்பினேன். அதில், அவருக்கு இப்போது என்மீது கோபம் இல்லை என்று கடைசியாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. எழுதினால் நன்றாக முடியும் என்று நானாகப் போட்டுக்கொண்டது. அன்று மாலையே குரல் பதிவு வந்தது.

"எல்லாம் செரிங்க. அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துருங்க. கோபம் இருக்குதுங்க."

எடுத்துவிட்டேன்.