கோட்டைக் கதவைத் திறந்தவரும் எங்கள் கலியபெருமாளும்

குறிஞ்சிப்பாடிப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது கலியபெருமாளின் மகள் அழைத்தாள். "அப்பா போய்ட்டாங்க மாமா" என்றாள். "எங்க போய்ட்டாரும்மா?" என்று கேட்டேன். அவள் அழுத பிறகுதான் விளங்கியது. விளங்கியும் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டியவர் அவர். நான் அதே ஷிப்டில் எலக்ட்ரீஷியன். பயிற்சிக்கு ஜெர்மனி போய் வந்தவர், இயந்திரத்தைவிட, அங்கே ஒரு தேவாலயத்தில் தாம் பார்த்த கல்லறைக்குரிய பழைய சிற்றரசரைப் பற்றியே அதிகம் பேசினார். சுரங்கத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள்.

"முத்தாண்டிக்குப்பத்துலேருந்து குறிஞ்சிப்பாடி வரைக்கும்தான்யா அவரு நாடே" என்பார். சிறுவயதிலேயே தகப்பன் இறந்துவிட, தாய் ஆட்சியைப் பார்த்துக்கொண்டாள். வளர்ந்து பட்டமேற்றதும் அவர் பாலம் கட்டினார், பள்ளிக்கூடம் திறந்தார். பக்கத்துப் பெரிய ராஜாவின் படை வந்தபோது, சண்டையிடாமல் தாமே கோட்டைக் கதவைத் திறந்து சாவியைக் கொடுத்தார். ஊர் எரியாமல் தப்பியது. பெற்ற மகனோ கோழை என்று சொல்லிவிட்டு வெளியேறினான், திரும்பவே இல்லை. வென்றவர்கள் விட்டுவைத்த பெயரளவுப் பட்டத்தோடு கிழவராகும்வரை ஆண்டார்.

பிறகு காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் பர்மனென்ட் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சார்பில் பேசப் போனவர் கலியபெருமாள். பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கடைசியில் நிர்வாகம் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கூலி கொஞ்சம் கூடியது, பர்மனென்ட் கிடைக்கவில்லை. வாசலில் நின்ற செல்வராசு, அவருடைய சொந்த அக்காள் மகன், "எங்கள வித்துட்டியே மாமா!" என்று கத்தினான். அதன்பின் செல்வராசு அவர் வீட்டுப்படி ஏறவில்லை.

"அந்த ராஜா ஜனங்களுக்காகத் தொறந்தாரா, பயந்துகினு தொறந்தாரா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு நாள் அப்படித் தோணுது, ஒரு நாள் இப்படித் தோணுது. அவருக்கே தெரிஞ்சிருக்காதுய்யா."

யாரைச் சொன்னார் என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருந்தால் ஜெயித்திருப்போம் என்பவர்கள் உண்டு. பிள்ளைகள் பட்டினியில் செத்திருக்கும் என்பவர்களும் உண்டு. யார் பேசினாலும் எனக்குத் தலையாட்டத் தோன்றுகிறது.

இறுதி ஊர்வலத்தில் செல்வராசு பாடைக்குத் தோள் கொடுத்தான். "கோவம் போச்சாப்பா?" என்றேன்.

"போவலங்க. ஆனா வூட்ல இருக்க முடியல."

கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை, சுரங்க வாசலில் காண்ட்ராக்ட் ஆட்கள் கூடும் டீக்கடைக்குள் கலியபெருமாள் நுழைந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். தனியாக உட்கார்ந்து குடித்தார். அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும். "வேற கடைக்குப் போலாமே" என்றேன். "திட்டணும்னு வர்றவன் என்னை எங்கய்யா தேடுவான்?" என்றார்.

அவர் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.